கருப்பட்டியைக் கடித்த பாம்பு

வனமாமலை அந்த நாய்க்குட்டியை ஹெல்மெட்டுக்குள் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஊரிலிருந்து வந்திருந்த மச்சானைச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது, ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும் இடத்தில், சக்கரங்களுக்கு நடுவே அது உட்கார்ந்திருந்தது. எந்த ஆட்டோ எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது. இறங்கி எடுத்துவிட்டான். எடுத்தபிறகு கீழே விட மனசு வரவில்லை. தலையில் போடவேண்டியதை முழங்கையில் மாட்டி, அதற்குள் குட்டியை உட்காரவைத்து, போலீஸ்காரர் கண்ணில் படாமல் பிள்ளைப்பாக்கம் வந்து சேர்ந்தான்.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் கனிஷ்கா அன்று இரவு சோறே சாப்பிடவில்லை. குட்டி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிறத்தைப் பார்த்துவிட்டு 'கருப்பட்டி' என்று பெயர் வைத்தது அவள் அம்மா மாரிசெல்வி. நாங்குநேரிப் பக்கத்துக்காரிக்கு வேறு என்ன பெயர் தோன்றும்?

அவர்கள் குடியிருந்தது மாரி என்பவரின் வீடு. கம்பெனிகள் வந்தபோது கழனியை விற்று, அந்தப் பணத்தில் வரிசையாகப் போர்ஷன்கள் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். நாய் வளர்க்க ஒப்புக்கொள்வாரோ மாட்டாரோ என்று பயந்துகொண்டே வனமாமலை கேட்டதற்கு, "இன்னாப்பா இதுக்குப் போயி… நீங்க ரெண்டு பேரும் ஷிப்ட்டுக்குப் போய்ட்டா கொளந்தைக்குத் தொணையா கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

வனமாமலைக்கு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. குட்டி வந்து சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு வந்திருந்தவர்கள் திருப்தியாகக் கிளம்பும்போது உற்பத்தி லைனில் நின்ற எல்லாருக்கும் ஆளுக்கொரு சாக்லேட் பெட்டி கொடுத்தார்கள். கருப்பு அட்டை, தங்க எழுத்து. வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே தட்டையான பெரிய கட்டிகள் இருந்தன. கனிஷ்கா ஆசையாக ஒரு மூலையைக் கடித்தவள் முகத்தைச் சுளித்து உள்ளங்கையில் துப்பினாள்.

"ஏம்ப்பா, இது கசக்கு!"

மாரிசெல்வியும் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தாள். "வேப்பங்கொழுந்துதான் போங்க. இதையா வெள்ளைக்காரன் காசு குடுத்துத் திங்கான்?"

கருப்பட்டி அவர்கள் காலடியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. கனிஷ்கா துப்பியதை நக்கிவிட்டு, இன்னும் கொடு என்று வாலை ஆட்டியது. அவள் கட்டியிலிருந்து ஒரு துண்டு ஒடித்தாள்.

"ஏ புள்ள, நாய்க்கு இனிப்பு குடுக்காத. சொறி பிடிச்சு முடியெல்லாம் கொட்டிரும்" என்றாள் மாரிசெல்வி.

வனமாமலை சிரித்தான். "இதுல இனிப்பு எங்க இருக்கு? நமக்குத்தான் பிடிக்கல, அதுக்காவது பிடிக்குதே. குடு மக்களே, குடு."

அவள் கொடுத்தாள். ஒடித்து ஒடித்து, ஒரு கட்டி முழுவதும். அடுத்த கட்டியிலும் பாதி.

கொஞ்ச நேரத்தில் கருப்பட்டிக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது, நின்று குரைத்தது, மறுபடி ஓடியது. அடுத்த போர்ஷன் பேச்சியும் அவள் புருஷன் அருள்பாண்டியும் வெளியே வந்து பார்த்துச் சிரித்தார்கள். அருள்பாண்டியும் வனமாமலை லைன்தான். "வெளிநாட்டுச் சரக்கு வேலை செய்யுது அண்ணாச்சி" என்று போனில் படம் பிடித்தான். தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்ப நிரப்பக் குடித்துத் தீர்த்தது நாய். இருட்டும்போது வாந்தி எடுத்தது. வயிறு சேரவில்லை போல, காலையில் சரியாகிவிடும் என்று கொஞ்சம் மோர் ஊற்றிப் படுக்கப் போட்டார்கள்.

காலையில் அதன் கால்கள் விறைத்துக்கிடந்தன. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. மாரிசெல்வி தன் கம்பெனியில் ஓவர்டைம் பார்க்கப் போய்விட்டிருந்தாள். கனிஷ்கா இன்னும் எழுந்திருக்கவில்லை. பேச்சியிடம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நாயைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வனமாமலை ஸ்ரீபெரும்புதூருக்கு வண்டியை விட்டான்.

கால்நடை டாக்டர் ஸௌம்யா வீட்டின் முன்னறையிலேயே வைத்தியம் பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கதவைத் திறந்தார். நாயின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டவர் முகம் மாறியது. ஊசி போட்டார், டிரிப்ஸ் ஏற்றினார். கை வேலை செய்ய, வாயால் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எலி மருந்து வெச்சிருந்தீங்களா?"

"இல்லைங்க."

"வயலுக்குத் தெளிக்கிற மருந்து? வெளியில போய் எதையாவது தின்னிருக்குமா?"

"கேட்டைத் தாண்டாதுங்க."

"சாக்லேட் ஏதாவது குடுத்தீங்களா?"

அந்தக் கேள்வி எலி மருந்துக்குப் பக்கத்தில் எப்படி வந்தது என்று வனமாமலைக்குப் புரியவில்லை.

"குடுத்தோம்… ஆனா அது இனிப்பே கிடையாதுங்க. ஒரே கசப்பு."

டாக்டர் ஒரு நிமிஷம் கையை நிறுத்தினார். "அந்தக் கசப்புதான் விஷம். கோகோல இருக்கிற ஒரு பொருளை நம்ம உடம்பு சீக்கிரமா கழிச்சுடும். நாய் உடம்பால அது முடியாது. உள்ளேயே தங்கி இதயத்தை ஓட ஓட விரட்டும், அப்புறம் வலிப்பு வரும். பால் சாக்லேட்டும் நல்லதில்லதான். ஆனா கசப்பு ஏற ஏற ஆபத்தும் ஏறும். இவ்வளவு சின்னக் குட்டிக்கு…" மறுபடி குழாயை நெஞ்சில் வைத்தார். "தின்ன கையோட தூக்கிண்டு வந்திருந்தா வாந்தி எடுக்க வெச்சிருப்பேன். உங்களுக்கு எப்படித் தெரியும்? நிறைய பேருக்குத் தெரியாது. பூனைக்கும் ஆகாது, ஞாபகம் வெச்சுக்கோங்க."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வனமாமலைக்குத் தோன்றியது. மதியத்துக்குள் கருப்பட்டியின் மூச்சு அடங்கிவிட்டது.

திரும்பி வரும் வழியெல்லாம் அவன் காதில் அவன் குரலே கேட்டது. குடு மக்களே, குடு.

வீட்டு வாசலில் கனிஷ்கா நின்றுகொண்டிருந்தாள். துண்டின் அசைவில்லாத கனத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏம்ப்பா செத்துச்சு?"

யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. வண்டியை நிறுத்தும்போது வீட்டுக்குப் பின்னாலிருந்த சீமைக்கருவேலம் புதர் கண்ணில் பட்டது. வாயில் வந்துவிட்டது.

"பாம்பு கடிச்சிட்டு மக்களே."

ஏரிக்கரையில் ஒரு புங்கமரத்தடியில் குட்டியைப் புதைத்தான். சாயங்காலம் வேனில் வந்து இறங்கிய மாரிசெல்வியிடம் மட்டும், தெருமுனையிலேயே நிறுத்தி, நடந்ததைச் சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாம்புன்னு சொன்னதே இருக்கட்டும். தன் கையால குடுத்துச் செத்துச்சுன்னு தெரிஞ்சா தாங்கமாட்டா" என்றாள். அவள் சொன்னது அவனுக்கு ஆறுதலாக இருந்தது. பிள்ளைக்காகத்தான் சொன்னோம் என்று அவனும் நம்பிக்கொண்டான்.

ஆனால் பாம்பு என்ற சொல் சும்மா கிடக்கவில்லை. கழிப்பறை வீட்டுக்குப் பின்பக்கம் இருந்தது. கனிஷ்கா அங்கே தனியாகப் போக மறுத்தாள். பகலில்கூட அம்மா வாசலில் நிற்கவேண்டும். ஷூவைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். மற்றப் போர்ஷன்களிலும் பயம் பரவியது. பேச்சி கதவிடுக்கில் சாக்குத் துணியைத் திணித்தாள். மாடி அறைகளில் இருந்த பையன்கள் செகண்ட் ஷிப்ட் முடிந்து ராத்திரி வரும்போது போன் லைட்டைப் போட்டுக் காலை தரையில் ஓங்கி மிதித்துக்கொண்டே வந்தார்கள். மாரியின் மனைவி ராத்திரி முழுக்கப் பின்வாசல் விளக்கை அணைக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம், "எந்தப் பக்கமா வந்துச்சு? நல்ல பாம்பா, விரியனா?" என்று வனமாமலையைக் கேட்டாள். "சரியா பாக்கலைங்க" என்று அவன் நழுவினான். நழுவிய ஒவ்வொரு தடவையும் பாம்பு இன்னும் கொஞ்சம் நிஜமானது.

ஒருநாள் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தான். வீட்டுப் பக்கத்திலிருந்து கூச்சல் கேட்டது. மாரி ஆள் வைத்துப் புதரை வெட்டிக்கொண்டிருந்தார். புதருக்கு நடுவே உடைந்த மரப் பலகைகள் குவிந்துகிடந்தன. அவற்றை இழுத்தபோது உள்ளேயிருந்து ஒரு பாம்பு வெளியே வந்துவிட்டது. நீளமான பாம்பு. மதில் ஓரமாக ஓடி, முட்டி, திரும்பி, போக வழியில்லாமல் நின்றது. சுற்றிலும் கம்போடு ஆட்கள்.

கிராமத்தில் பிறந்தவனுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. "சாரை அது! விஷம் கிடையாது. விட்டுருங்க, போயிரும்" என்று கத்தினான்.

அருள்பாண்டி கம்பை ஓங்கியபடியே திரும்பினான். "என்ன அண்ணாச்சி, ஒங்க நாயைக் கடிச்ச பாம்பு. நீங்களே விடச் சொல்லுதீய?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கனிஷ்காவும் நின்றிருந்தாள். அவளும் பார்த்தாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. அதைச் சொல்ல அந்த நேரத்தில் அவனால் முடியவில்லை. அவன் பேசாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "சாரை இருந்தா அதுகூடவே நல்ல பாம்பும் இருக்கும்டா, எதையும் விடாதே" என்று மாடிப் பையன் ஒருவன் சொன்னான். கம்புகள் இறங்கின.

எல்லாம் ஓய்ந்தபின் மாரி கனிஷ்காவைக் கூப்பிட்டார். "பாத்துக்கினியா பாப்பா? உன் நாயக் கட்ச்ச பாம்பு செத்துப்போச்சு. இனிமே பயமில்லாம வெளாடு."

கனிஷ்கா பேச்சியின் கையை விட்டாள். கீழே கிடந்த கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு பாம்பின் பக்கத்தில் போனாள். அடித்தாள். மறுபடி அடித்தாள். "ஏன் கடிச்ச? ஏன் கடிச்ச?" என்று அழுதுகொண்டே அடித்தாள். யாரோ சிரித்தார்கள். யாரோ போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

எறும்பை மிதித்துவிட்டால் ஓரமாக எடுத்துவைக்கிற பிள்ளை அது. வனமாமலை ஓடிப்போய்க் கம்பைப் பிடுங்கினான். அவளைத் தூக்கிக்கொண்டான். யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஏரிக்கரைக்கு நடந்தான்.

புங்கமரத்தடியில் அவளை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். அவள் விசும்பல் நிற்கும்வரை முதுகைத் தடவிக்கொடுத்தான். நாய் செத்தபோது அவனுக்கு எதுவும் தெரியாது. அதற்கு யாரும் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பாம்பு செத்தபோது எல்லாம் தெரிந்திருந்தது. அங்கே நின்றவர்களில் அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. பிள்ளைக்காகச் சொன்ன பொய் என்றால் ஊரார் முன்னால் வாய் ஏன் அடைத்துப்போனது? 'குடு' என்று சொன்ன தன் வாயை மறைக்கத்தான் பாம்பைக் கொண்டுவந்தோம் என்பதை இப்போது மறுக்க முடியவில்லை.

"மக்களே, கருப்பட்டியைப் பாம்பு கடிக்கல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாம குடுத்த சாக்லேட்டு நாய் உடம்புக்கு ஆவாதாம். விஷமாம். டாக்டரம்மா சொன்னாவ."

"நான் குடுத்ததா?"

இல்லை என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. அடக்கிக்கொண்டான். "ஆமா. ஒனக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. குடுன்னு சொன்னது நாந்தான்."

அவள் குட்டியைப் புதைத்த மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தான். அழவில்லை.

"அப்ப அந்தப் பாம்பு?"

"அது ஒண்ணும் செய்யல."

"அப்ப நான் ஏம்ப்பா அதை அடிச்சேன்?"

"நான் பொய் சொன்னதுனால."

அவள் எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "மாரி மாமாகிட்டயும் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டு அவனுக்கு முன்னால் தனியாக நடந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை.

வீட்டில் எல்லாரும் இன்னும் பின்பக்கம்தான் நின்றிருந்தார்கள். மாரி குழி வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். வனமாமலை நடுவில் போய் நின்று, சாக்லேட்டில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். பாதியில் மாரிசெல்வியும் வேலை முடிந்து வந்து சேர்ந்தாள். ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டு, அவன் பக்கத்தில் வந்து நின்றாள். "எனக்கும் தெரியும். நானும் சொல்லல" என்றாள்.

முதலில் அசைந்தது பேச்சிதான். "ஏ ஆத்தா, மாடிப்படிக்குக் கீழ பூனை குட்டி போட்டிருக்குன்னு எங்க வீட்டுக்கு வந்த கசப்புக் கட்டியைப் பால்ல கரைச்சு வைக்கணும்னு எடுத்து வச்சிருக்கேனே!" என்று வீட்டுக்குள் ஓடினாள். மாடிப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அருள்பாண்டி கையிலிருந்த கம்பை மதிலோரம் சாத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

மாரி கோபப்படவில்லை. அதுதான் வனமாமலைக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் பாம்பைப் பார்த்தபடியே பேசினார். "நாய் செத்தது தெரியாத்தனம்பா. அத வுடு. மறுநாளே வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? என் வூட்டுக்காரி தூங்கியே ஒரு வாரம் ஆவுது." பிறகு தணிந்த குரலில் சொன்னார். "இது சாரைன்னு எனக்குத் தெரியாதா இன்னா? கழனி வெச்சிருந்தப்ப நாங்க சாரைய அடிக்கவே மாட்டோம். எலியப் புடிக்கும்னு வுட்டுருவோம். இன்னிக்கு இத்தினி பேர் கத்தினப்ப எனக்கும் கண்ணு மறைச்சுப்போச்சு."

குழியை அவரே மூடினார்.

அதன்பிறகு கனிஷ்கா அப்பாவிடம் அதிகம் பேசவில்லை. தட்டு கேட்டால் தட்டு கொடுத்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் மட்டும், யார் சாக்லேட் கொண்டுவந்தாலும், "நாய்க்குப் போடாதீங்க, பூனைக்கும் போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பதாக அவள் டீச்சர் மாரிசெல்வியிடம் சொன்னார். பின்பக்கத்துக்குக் கனிஷ்கா தனியாகப் போக ஆரம்பித்தாள். மாரிசெல்வி ஒருநாள், "நீங்களா போய்ப் பேசாதீங்க. அவளா வரட்டும்" என்றாள். அவன் காத்திருந்தான். ஷிப்டில் மிஷின் முன்னால் நிற்கும்போதும் அந்தக் காத்திருப்பு கூடவே நின்றது.

அதற்குள் எலிகள் வந்துவிட்டன. முதலில் பேச்சி வீட்டு அரிசிச் சாக்கு. அப்புறம் மாடிப் பையன் ஒருவனின் சார்ஜர் ஒயர். கேஸ் ட்யூபைக் கடித்துவிடுமோ என்று மாரிசெல்வி இரவில் இரண்டுதரம் எழுந்து பார்த்தாள். மாரி கடைக்குப் போய் எலி மருந்துக் கேக் வாங்கிவந்து போர்ஷனுக்கு ஒன்றாகக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வனமாமலை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கனிஷ்கா அந்தப் பொட்டலத்தை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். தானாக அவனிடம் வந்தது அன்றுதான்.

"இதை எலி தின்னா செத்துருமா?"

"செத்துரும்."

"பூனை தின்னா?"

"அதுவும்தான்."

"செத்த எலியைப் பூனை தின்னா?"

அவன் துணியைக் கீழே வைத்தான். "அதுக்கும் ஆவாது மக்களே."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் சொல்வது நிஜம்தானா என்று பார்க்கிறாள் என்பது தெரிந்தது. இத்தனை சின்னப் பிள்ளையிடம் அந்தப் பார்வையை வரவைத்தது தான்தான் என்பதும் தெரிந்தது. கண்ணை எடுக்காமல் அவள் பார்த்து முடிக்கும்வரை இருந்தான்.

"அப்ப இது வேண்டாம்" என்றாள்.

இரண்டு பேருமாகப் போய் மாரியிடம் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். "எலிய இன்னா பண்றது?"

"பொறி வாங்கிட்டு வாரோம்" என்றாள் கனிஷ்கா.

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் கம்பி வைத்த மரப்பொறி கிடைத்தது. டீக்கடை மசால்வடையில் ஒரு துண்டைக் கொக்கியில் குத்தி அடுப்படியில் வைத்தார்கள். மறுநாள் விடியும்போதே ஒரு பெரிய எலி உள்ளே அகப்பட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு மீசையை ஆட்டியது. செகண்ட் ஷிப்ட் என்பதால் வனமாமலைக்கு நேரமிருந்தது. யூனிபார்ம் போட்டுப் பையை மாட்டிக்கொண்ட கனிஷ்கா, பள்ளிக்கூடம் போகும்முன் அதை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். பொறியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்தாள். ஏரியைத் தாண்டி, கட்டடம் எதுவும் எழும்பாத, எல்லைக்கல் மட்டும் நட்ட ஒரு மனைக்குப் பக்கத்தில் வனமாமலை வண்டியை நிறுத்தினான்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். தூரத்தில் ஒரே ஒரு ஓட்டு வீடு தெரிந்தது.

"இங்க விட்டா அவங்க வீட்டுக்குப் போயிருமாப்பா?"

"போனாலும் போவும்" என்றான். "தெரியல மக்களே."

அவள் பொறியையும் அந்த வீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பொறியை மடியில் இறுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவோம்."

வனமாமலை வண்டியை எடுத்தான்.